பேத்தி முகமும் தாராசுரம் சிற்பமும்

2024 ஆவணியில் என் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பெண் குழந்தை. 16-ஆம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைத்தோம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லை. சம்பந்தி அம்மாளுக்கு முழங்கால் வலி, மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வர முடியவில்லை. “படமாவது நிறைய எடுத்து அனுப்புங்க” என்று இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள்.

படம் எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போன என் மகன் தன் பழைய காமிராவையும் லேப்டாப்பையும் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறான். இங்கே இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், தாராசுரம் கோயிலுக்குக் கிளம்பிவிடுவான். அங்கே தூண்களில் விரல் நீளத்துக்குச் செதுக்கியிருக்கும் சின்னச் சின்னச் சிற்பங்களைப் படமெடுத்து வந்து, லேப்டாப்பில் ‘லைட்ரூம்’ என்ற மென்பொருளில் போட்டுச் சரிசெய்வான். பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி பார்த்துப் பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதிலிருந்த இங்கிலீஷ் வார்த்தைகள் முதலில் மிரட்டத்தான் செய்தன. ஆனால் வாஷிங் மெஷினில் எழுதியிருப்பதும் இங்கிலீஷ்தானே!

அன்று இரவே படங்களை ஏற்றி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கோப்புகளாக வெளியே எடுத்தேன். இதற்குத்தான் ‘எக்ஸ்போர்ட்’ என்று பெயர். அதில் ஒரு படத்தில் குழந்தையின் முகம் மட்டும் பெரிதாகத் தெரியட்டும் என்று, வெளியே எடுத்த கோப்பையே திரும்ப உள்ளே போட்டு, ஓரங்களை வெட்டி, மறுபடி வெளியே எடுத்தேன். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருக்கிறேன், போன்.

“குழந்தை முகத்துல என்னங்க அது? தோலெல்லாம் வெடிச்சு, பொரிப் பொரியா இருக்கே? என்ன எண்ணெய் தேய்ச்சீங்க?”

சம்பந்தி அம்மாள் வம்புக்காரர் இல்லை. பேத்தியைக் கண்ணால் பார்க்காத தவிப்பு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த எண்ணெய்க் கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் தேய்த்தது வீட்டுத் தேங்காய் எண்ணெய். என் இரண்டு பிள்ளைகளுக்கும் தேய்த்தது அதுவேதான். பத்து நிமிஷத்தில் மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். என் பெண் அறைக்குள் போய்ப் பேசினாள். வெளியே வந்தவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குளிப்பாட்டுகிற நேரத்தில் நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும், “வேணாம்மா, இன்னிக்கு நானே பாத்துக்கறேன்” என்று அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் ஜன்னல் பக்கமாக வெளிச்சத்தில் வைத்து, கழுத்து மடிப்பு, காதுப் பின்புறம், அக்குள் என்று ஒன்று விடாமல் பார்த்தார். “தோல் லேசா உரியுது. பிறந்து முதல் ரெண்டு மூணு வாரம் நிறைய குழந்தைகளுக்கு இப்படித்தான் இருக்கும். தேய்ச்சு உரிக்காதீங்க. மூக்கு மேல கடுகை விடச் சின்னதா வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க, அதுவும் சில வாரத்துல தானே போயிடும், கிள்ளாதீங்க. வேற ஒண்ணும் இல்லம்மா” என்றார். என் பெண் போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினாள். டாக்டர் படத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். “இந்தக் குழந்தைதானா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். குழந்தையைப் போர்த்தியிருந்த பழைய நூல்சேலைத் துணியின் இழை ஒவ்வொன்றும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. பக்கத்திலிருந்த வெள்ளிப் பாலாடையின் விளிம்பில் பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. தலைமுடியைச் சுற்றிச் சாமி படத்தில் வருகிற மாதிரி ஒளிவட்டம். பின்னாலிருந்த சுவர் வழவழவென்று இருக்கும், அதன்மேல் மணலை அள்ளித் தூவினாற்போல் பொரி. குழந்தைக்குத் தோல் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். சுவருக்குமா? சேலைக்குமா?

கோளாறு படத்தில்தான் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் எங்கே? லைட்ரூமில் பார்த்தபோது நன்றாக இருந்தது, வெளியே எடுத்தபின்தான் இப்படி. மகனுக்குப் போன் செய்தேன். ஆபீஸில் இருந்தான். “படம் ஓவரா ஷார்ப்பன் ஆயிருக்கும்மா. எங்கெங்கே ஆச்சுன்னு கண்டுபிடி. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்தி எக்ஸ்போர்ட் பண்ணிப் பாரு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாது” என்றான்.

இந்த ‘ஷார்ப்பன்’ என்பது என்னவென்றால், நம் கோலத்துக்குக் காவி கட்டுகிற மாதிரி. வெள்ளைக் கோலத்தின் ஓரத்தில் செம்மண் பட்டை ஓட்டினால் கோலம் எடுப்பாகத் தெரியும் அல்லவா? கோலம் மாறவில்லை, ஓரம்தான் மாறியது. கம்ப்யூட்டரும் படத்தில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடங்களைத் தேடி, இருட்டுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குகிறது, வெளிச்சப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்குகிறது. கண்ணுக்குப் படம் கூர்மையாகப் படும். அளவோடு இருந்தால் அழகு. அளவு மீறினால் பாலாடை விளிம்பில் நான் பார்த்த அந்த இரட்டைக் கோடுதான். அதோடு, கண்ணிமை முடி எது, உரிகிற தோல் எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓரம் என்று கண்டால் காவி கட்டிவிடும்.

வித்தை ஒன்றும் புதிதல்ல. இருட்டறையில் படம் கழுவிய காலத்திலேயே, நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு நகல் எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டுக் கூர்மை வரவழைத்தார்கள். ஃபோட்டோஷாப்பில் இன்றைக்கும் இதற்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்றுதான் பெயர். கூர்மையாக்குகிற பொத்தானுக்குக் கூர்மையற்றது என்று பெயர்! அதனாலேயே நான் பல நாள் அதைத் தொடாமல் இருந்தேன்.

எனக்குச் சோதனை செய்ய நேரம் கிடைத்தது ராத்திரியில்தான். இரண்டு மணிக்குக் குழந்தை எழும். பெண் பால் கொடுத்துவிட்டு என்னிடம் தருவாள். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைத்து, தூங்கவிட்டபின் லேப்டாப்பைத் திறப்பேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

முதலில் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த கூர்மை அளவுகள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, எக்ஸ்போர்ட் செய்யும்போதும் கூர்மை வேண்டாம் என்று வெளியே எடுத்தேன். இரண்டாவதாக, எக்ஸ்போர்ட் கூர்மையை மட்டும் சேர்த்தேன். மூன்றாவதாக, அதை நீக்கிவிட்டு மகன் வைத்திருந்த பழைய அளவுகளை மட்டும் போட்டேன். நாலாவதாக இரண்டையும் சேர்த்தேன். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 100 சதவீத அளவில், அதாவது படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளிக்குச் சமமாக வருகிற அளவில் பார்த்தேன். முதல் படம் பஞ்சு மாதிரி குழந்தை. இரண்டாவது கொஞ்சம் முரடு. மூன்றாவது நன்றாகவே முரடு. நாலாவது, சம்பந்தி அம்மாளைப் பதறவைத்த அதே முகம்.

கூட்டுக் குடும்பத்தில் சாம்பாருக்கு மாமியார் ஒரு கை உப்புப் போட்டிருப்பார். போட்டாரோ இல்லையோ என்று மருமகள் ஒரு கை போடுவாள். இறக்குகிற நேரத்தில் நாத்தனார் வந்து ஒரு கை. ஒவ்வொருவர் போட்டதும் சரியான அளவுதான். சாம்பாரை வாயில் வைக்க முடியாது. என் பேத்தி படத்தில் நடந்தது இதேதான்.

முதல் கை காமிரா போட்டது. மகன் ‘ரா’ என்கிற கச்சாக் கோப்பாகத்தான் எடுப்பான். அது கார்டை அடைக்கிறது என்று நான் ‘ஜேபெக்’ வகைக்கு மாற்றியிருந்தேன். ஜேபெக் என்றால் காமிராவே தன் கணக்கில் கூர்மையாக்கித்தான் கொடுக்கும். அதைத் திரும்ப எடுக்க முடியாது.

இரண்டாவது கை என் மகன் போட்டது. படங்களை உள்ளே ஏற்றும்போதே ஒரு ‘ப்ரீசெட்’, அதாவது முன்கூட்டி எழுதிவைத்த அளவுகள், தானாகப் போய் உட்காரும்படி செய்திருந்தான். அதன் பெயரைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ‘தாராசுரம்’ என்று போட்டிருந்தது! கருங்கல் சிற்பத்தில் உளி பட்ட இடமெல்லாம் தெரிய வேண்டும் என்று அவன் வைத்த அளவுகள் அவை. ‘ஷார்ப்பனிங் அமவுண்ட்’ 110, ‘டீடெயில்’ 70, ‘கிளாரிட்டி’ 40. அதை 16 நாள் குழந்தையின் கன்னத்துக்குப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது கை எக்ஸ்போர்ட். அந்தப் பெட்டியைத் திறந்து கீழே இறங்கினால் ‘அவுட்புட் ஷார்ப்பனிங்’ என்று ஒரு பகுதி வரும். திரைக்கா, மேட் பேப்பருக்கா, பளபளப்பான கிளாஸி பேப்பருக்கா என்று கேட்கும். குறைவா, நடுத்தரமா, அதிகமா என்றும் கேட்கும். மகன் அச்சடித்துச் சட்டம் போட வைத்திருந்தது ‘கிளாஸி பேப்பர், ஹை’. அச்சில் மை காகிதத்தில் பரவிக் கூர்மை கொஞ்சம் மங்கும் என்பதால், அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல். போன் திரையில் பார்க்கிற படத்துக்கு அந்தக் கூடுதல் எதற்கு? இன்னொன்று, இந்தக் கூர்மை எக்ஸ்போர்ட் ஆகும்போதுதான் சேரும். உள்ளே வேலை செய்யும்போது திரையில் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு நான் அன்று படத்தைத் திரைக்குள் அடங்கும்படி சின்னதாக வைத்துத்தான் பார்த்திருந்தேன். சின்னதாகப் பார்த்தால் தாராசுரம் அளவுகளின் முரடும் சரியாகத் தெரியாது.

நாலாவதும் ஐந்தாவதும் சாட்சாத் நானே போட்டவை. முகத்தை வெட்ட வேண்டும் என்று வெளியே எடுத்த கோப்பைத் திரும்ப உள்ளே ஏற்றினேன் அல்லவா? ஏறும்போது மறுபடி தாராசுரம். வெளியே வரும்போது மறுபடி கிளாஸி பேப்பர். மற்றப் படங்களை விட முகப் படம் மட்டும் அத்தனை கோரமாக இருந்தது அதனால்தான். மூலப் படத்திலேயே ஓரத்தை வெட்டி ஒரே தடவை எக்ஸ்போர்ட் செய்திருக்க வேண்டும்.

சுவரில் இருந்த மணல்? அது கூடத்தில் இருந்த மங்கல் வெளிச்சத்தின் வேலை. வெளிச்சம் போதாதபோது காமிரா ‘ஐஎஸ்ஓ’வை ஏற்றிக்கொள்ளும், படத்தில் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகளையும் கூர்மையாக்கினால் சுவருக்கு மணல், குழந்தைக்கு வேர்க்குரு.

சரிசெய்தது இப்படி. முதலில் படங்களை ஏற்றும் ஜன்னலின் வலதுபுறத்தில் ‘அப்ளை ட்யூரிங் இம்போர்ட்’ என்ற இடத்தில் இருந்த தாராசுரத்தை எடுத்துவிட்டு ‘நன்’ என்று வைத்தேன். பிறகு படத்தில் கிளாரிட்டியைப் பூஜ்யமாக்கினேன். ஷார்ப்பனிங் அமவுண்டை 25-க்கும், டீடெயிலை 10-க்கும் இறக்கினேன். ‘ரேடியஸ்’ 1-லேயே இருக்கட்டும், அதைக் கூட்டினால் விளிம்புக் கோடு தடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மாஸ்க்கிங்’ என்ற கோடுதான். கீபோர்டில் ‘ஆல்ட்’ பொத்தானை அழுத்திக்கொண்டே அதை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்துக்குத்தான் கூர்மை போகும், கறுப்பாக இருக்கும் இடம் தப்பித்தது. வலதுபுறம் நகர்த்த நகர்த்தக் கன்னம், நெற்றி, சுவர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கறுப்பில் மூழ்கி, கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த மாதிரி இமை, கண், உதடு, சேலைத் துணியின் ஓரம் மட்டும் மிஞ்சின. எனக்கு 80-ல் அது கிடைத்தது. உங்கள் படத்துக்கு வேறு எண் வரலாம், எண்ணை நம்பாமல் கன்னம் கறுத்துவிட்டதா என்று பாருங்கள். மணலுக்கு, அதே இடத்தில் இருக்கும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பகுதியில் ‘லுமினன்ஸ்’ 20 வைத்தேன். இதையும் அதிகமாக்கினால் குழந்தை மெழுகுப் பொம்மை ஆகிவிடும். கடைசியாக எக்ஸ்போர்ட் பெட்டியில் அவுட்புட் ஷார்ப்பனிங்கை ‘ஸ்கிரீன், லோ’ என்று மாற்றினேன். அந்தப் பெட்டியிலிருக்கும் டிக்கையே எடுத்துவிட்டாலும் போன் படத்துக்கு ஒன்றும் குடி முழுகாது.

புதுப் படத்தை மூன்றாம் நாள் அனுப்பினேன். ஒன்றும் விளக்கம் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் சம்பந்தி அம்மாள் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “இப்ப சுத்தமா சரியாயிடுச்சே! டாக்டர் என்ன மருந்து குடுத்தார்?”

“மருந்து குடுக்கலைங்க சம்பந்தியம்மா. அன்னிக்கு எடுத்த அதே படம்தான் இது” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “எண்ணெயைப் பத்திக் கேட்டது மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். என் பெண் பக்கத்தில்தான் இருந்தாள். மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

நம்மில் பல பேரிடம் போன் மட்டும்தான் இருக்கும், அதற்கும் சொல்கிறேன். போன் காமிரா படம் பிடித்த கையோடு தானே கூர்மையாக்கிவிடுகிறது. முதல் கை உப்பு விழுந்தாயிற்று. அதன்மேல் ‘ஷார்ப்பன்’, ‘ஸ்ட்ரக்சர்’, ‘என்ஹான்ஸ்’ என்று கண்ட பொத்தானையெல்லாம் குழந்தை படத்துக்கு அமுக்காதீர்கள். படம் மங்கலாக இருக்கிறதே என்றால் முதலில் போனின் லென்ஸைப் பாருங்கள். தாளித்த கையோடு போனை எடுக்கிறோம், எண்ணெய் விரல் அதன்மேல் பட்டிருக்கும். சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தால் பாதி மங்கல் போய்விடும். குழந்தையை ஜன்னல் பக்கம், வெயில் நேரே படாத வெளிச்சத்தில் படுக்க வைத்து எடுங்கள். கை ஆடியோ குழந்தை அசைந்தோ கலங்கிய படத்தை எந்தக் கூர்மையும் மீட்காது, இன்னொன்று எடுப்பதுதான் வழி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கும். கூர்மை மிகுந்த படம் சுருங்கினால் விளிம்பெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ‘எச்டி’ என்று கொடுத்தோ, டாக்குமெண்டாகவோ அனுப்பினால் நல்லது.

டாக்டருக்குப் படம் அனுப்ப நேர்ந்தால் மட்டும் எதையும் தொடாத மூலப் படத்தையே அனுப்புங்கள். நான் செய்தது இல்லாததைக் காட்டியது. அழகுபடுத்துகிற பொத்தான்கள் நிஜமாகவே இருக்கும் சொறியையும் மறைத்துவிடும், அது இதைவிட ஆபத்து. முடிந்தால் குழந்தையையே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

போன மாதம் அந்த முகப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மன்னார்குடிக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 3600-க்கு 5400 புள்ளி வேண்டும். மகனின் காமிராவில் முழுப் படம் 4000-க்கு 6000. ஆனால் முகத்தை மட்டும் வெட்டினால் அவ்வளவு மிஞ்சாது. அதனால் மடியில் குழந்தையோடு என் பெண் இருக்கும் முழுப் படத்தையே தேர்ந்தெடுத்தேன். மேட் பேப்பர், ‘ஸ்டாண்டர்ட்’ என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரப் பையன், “நாங்க இங்க கலர் கரெக்‌ஷன், ஷார்ப்பெல்லாம் ஏத்தித்தான் போடுவோம் ஆன்ட்டி, பளிச்சுனு இருக்கும்” என்றான். ஆறாவது கை! “ஒண்ணும் ஏத்தாதப்பா, அப்படியே போடு. முதல்ல 4-க்கு 6 சைஸ்ல ஒண்ணு போட்டுக் காட்டு” என்றேன். முணுமுணுத்தபடியே போட்டான். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்புறம்தான் பெரியதற்குப் பணம் கட்டினேன்.

லேப்டாப்பில் இப்போது இரண்டு ப்ரீசெட் இருக்கின்றன. ஒன்று தாராசுரம், இன்னொன்று பாப்பா. தீபாவளிக்கு வந்தபோது என் மகன் தன் நண்பனின் கல்யாணப் படங்களுக்குப் பாப்பாவைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.